ஐந்து பொத்தான் வாங்கிய வெப்கேம்

திரையில் நாற்காலி மட்டும் தெரிந்தது.

சற்று முன்புவரை அதில் கல்யாணி அக்கா உட்கார்ந்திருந்தார். மலேசியாவில், கிள்ளான் நகரத்தில், ஒரு அடுக்குமாடி வீட்டின் கூடம். பின்னால் பச்சைத் திரைச்சீலை, பக்கத்தில் ஒரு காலண்டர். இங்கே செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், கம்ப்யூட்டருக்கு எதிரே அவருடைய தங்கை செல்வி. நான் செல்விக்குப் பக்கத்தில் மோடாவைப் போட்டுக்கொண்டு மௌஸைப் பிடித்திருந்தேன்.

அக்கா, தங்கை இருவருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது. பேச்செல்லாம் கையால்தான். அந்தக் கைப்பேச்சும் மூன்று வருடமாக நின்று போயிருந்தது. அதை மறுபடி தொடங்கி வைக்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை ஏற்பாடு. நான் வாங்கிய வெப்கேம், நான் போட்டுக்கொடுத்த இணைப்பு, நான் கொடுத்த தைரியம்.

செல்வி கையை உயர்த்தி ஆரம்பித்தாள். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். செல்வி முதலிலிருந்து மறுபடி சொன்னாள். அக்காவின் முகம் இறுகிக்கொண்டே போனது. ஒரு கையை மட்டும் தூக்கி வெட்டுவதுபோல எதையோ காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பச்சைத் திரைச்சீலை விட்டு விட்டு அசைந்தது. யாரும் திரும்பி வரவில்லை.

செல்வியின் கைகள் மடிக்குப் போயின. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். ஒன்றுமில்லாத இடத்தில் நாலு தடவை கிளிக் செய்தேன்.

அந்த வெப்கேமுக்கு ஒரு மாதம் முன்புதான் என் வலைப்பதிவில் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்திருந்தேன்.

பொத்தான் அண்ணா

போன வாரம் என் முதல் எம்பி3 பிளேயரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா. அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் வாங்கிக் குவித்ததில் யாருக்காவது உருப்படியாகப் பயன்பட்ட சாமான் ஒன்றாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறார். என் கணவர் ரமேஷ் இருபது வருடமாகக் கேட்கும் கேள்விதான். உண்டு. அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் டீச்சர். மற்ற ஆசிரியைகள் சம்பள நாளில் பட்டுப்புடவைக் கடைக்குப் போவார்கள் என்றால், நான் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போவேன். அங்கே மாடிப்படிக்கு அடியில் மணி என்பவர் ஒரு கடை வைத்திருந்தார். ஆள் நுழைந்தால் இடம் முடிந்துவிடும், அவ்வளவு சின்னக் கடை. ஆனால் புதிதாக வந்த எதுவும் அங்கே இல்லாமல் போகாது. பென் டிரைவ், மெமரி கார்டு, கை விரல் அளவு ரேடியோ, கணினியில் செருகினால் ஒளிரும் குட்டி விளக்கு.

பெட்டியைத் திறக்கும்போது வரும் அந்தப் புது பிளாஸ்டிக் வாசனை இருக்கிறதே, எனக்கு அது மல்லிகைப்பூ மாதிரி. உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடித் தாளை ஒரு ஓரத்தில் நகத்தால் தூக்கி, கிழியாமல் உரித்தெடுப்பேன். ரமேஷ் அதைப் பார்த்துக்கொண்டே "பூஜை முடிஞ்சுதா?" என்பார்.

ஆரம்பத்தில் கடைக்கு ரமேஷையும் கூட்டிக்கொண்டு போவேன். நான் கேள்வி கேட்டால் மணி பதிலை ரமேஷிடம் சொல்வார். ரமேஷுக்கு யூஎஸ்பி எது, சார்ஜர் எது என்றே தெரியாது. தலையை மட்டும் ஆட்டுவார். மூன்றாவது தடவை, "மணி, வாங்கப் போறது நான், உடைக்கப் போறதும் நான். என்கிட்ட சொல்லுங்க" என்றேன். அதற்குப் பிறகு ரமேஷ் வாசலிலேயே நின்று கரும்புச் சாறு குடிக்கக் கற்றுக்கொண்டார்.

வாங்கியதைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஸ்டாஃப் ரூமில் சொன்னால் மற்ற டீச்சர்கள் விடைத்தாள் கட்டை எடுத்துப் பிரிப்பார்கள். அந்தச் சமயத்தில்தான் யார் வேண்டுமானாலும் இலவசமாக வலைப்பதிவு தொடங்கலாம், அதுவும் தமிழிலேயே எழுதலாம் என்று தெரிந்தது. தமிழ் எழுத்துரு கணினியில் ஏறாமல் இரண்டு வாரம் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்து, ஒரு சனிக்கிழமை பிற்பகலில் திடீரென்று 'அ' என்று திரையில் வந்து நின்றது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டினார்.

'பொத்தான்' என்று வலைப்பதிவுக்குப் பெயர் வைத்தேன். நட்சத்திரத்துக்குப் பதிலாகப் பொத்தான்கள். நல்ல சாமானுக்கு ஐந்து, குப்பைக்கு ஒன்று. என் பெயரைப் போடவில்லை. மெமரி கார்டைப் பற்றியும் மெகாபிக்சலைப் பற்றியும் எழுதுகிற ஆள் ஆணாகத்தான் இருக்க முடியும் என்று படிப்பவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். பின்னூட்டங்களில் நான் பொத்தான் அண்ணா. ஒருவர் உரிமையோடு மச்சான் என்றே கூப்பிடுவார். நானும் திருத்தவில்லை. மச்சான் என்று யாரும் என்னை அதற்கு முன் கூப்பிட்டதில்லை, நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மின்னஞ்சல்

அந்த வெப்கேம் வந்தபோது ஊரில் அதுதான் புதுசு. உருண்டையாக, வெள்ளிக் கலரில், ஒற்றைக் காலில் நிற்கும். என் முகத்தில் இருந்த மச்சம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. எழுதித் தள்ளினேன். நிறம் ஐந்து, தெளிவு ஐந்து, அழகு ஐந்து. மொத்தம் ஐந்து பொத்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சின்னச் சின்ன வாக்கியங்கள்.

"அண்ணா, வெப்கேம் பற்றிப் படித்தேன். முகம் தெளிவு என்று எழுதினீர்கள். கை வேகமாக ஆட்டினால் தெளிவா? அது எழுதவில்லை. நான் காது கேட்காதவள். எனக்குக் கைதான் பேச்சு. செல்வி, இரும்புலியூர்."

வெப்கேம் முன்னால் யாராவது கையை ஏன் ஆட்டப் போகிறார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. ஆனால் ஐந்து பொத்தான் கொடுத்தவளுக்கு அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. வெளிச்சம் நன்றாக இருந்தால் பிரச்சினை இருக்காது என்று சோதித்துப் பார்க்காமலே பதில் எழுதினேன். இரும்புலியூர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்தான், ஞாயிற்றுக்கிழமை வந்து நேரிலேயே பாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

வந்தாள். கதவைத் திறந்த என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அண்ணாவைத் தேடுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தேன். அவள் கண் விரிந்தது. கைப்பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: "நீங்களா பொத்தான் அண்ணா?"

அன்றிலிருந்து அவளுக்கு நான் டீச்சர்.

முப்பது வயது இருக்கும். சானடோரியம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை. கீபோர்டில் அவள் விரல் போகிற வேகத்தைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். அம்மாவோடு இருந்தவள், அம்மா போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தாள்.

ஒரு வாக்கியம்

அக்காவோடு பேச வேண்டும், அதற்குத்தான் வெப்கேம் என்றாள். பேசி எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டிவிட்டு, 'வருடம்' என்று எழுதினாள். ஏன் என்று கேட்கலாமா கூடாதா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அவளாக எழுத ஆரம்பித்துவிட்டாள். பக்கம் பக்கமாக எழுதித் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

கல்யாணி அக்கா கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனவர். கணவர் தேவராஜுக்கும் காது கேட்காது, அங்கே ஒரு அச்சகத்தில் வேலை. அம்மாவுக்கு முடியாமல் போனபோது அக்காவால் உடனே கிளம்பி வர முடியவில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. அது கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா என்ன பாடுபடுவாள் என்று செல்விக்குத் தெரியும். ஆறுதலாக ஒரு கடிதம் எழுதினாள். அதில் ஒரு வாக்கியம்: 'அம்மா உன்னைத் தேடவில்லை.'

நோட்டில் அதை எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே எழுதினாள்.

"நான் நினைத்தது: அம்மா தூங்கிக்கொண்டே போனாள். வலி இல்லை. நீ வரவில்லையே என்று ஏங்கி அழவில்லை. நீ வருத்தப்படாதே. அக்கா படித்தது: அம்மாவுக்கு நீ வேண்டாம்."

நான் அந்த மூன்று சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் எனக்கு நன்றாக எழுத வரும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது செல்வியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பது அதில் இல்லை. அவர்கள் பேச்சில் பாதி முகத்தில்தான் இருக்கிறது.

விளக்கம் சொல்லி செல்வி எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஃபோன் அவர்களுக்கு வெறும் பிளாஸ்டிக். குறுஞ்செய்தியில் அப்போது தமிழ் வராது, ஆங்கிலம் இருவருக்குமே அரைகுறை. தேவராஜ் மாமாவிடம் மட்டும் மின்னஞ்சல் இருந்தது. அவர்தான் எப்படியோ பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கேமரா முன்னால் உட்கார வைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

அப்படி உட்கார்ந்த அக்காதான் எழுந்து போனது.

முகத்தை மறைத்தவள்

மறுநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தபோது, மாமாவின் மின்னஞ்சலை செல்வி எனக்கு அனுப்பியிருந்தாள். ஆங்கிலத்தில் இரண்டே வரி. செல்வி முகத்தை மறைத்துக்கொள்கிறாள், கையை வேண்டுமென்றே குழப்பி ஆட்டுகிறாள், கேலி செய்கிறாள் என்று கல்யாணி சொல்கிறாள். இனிமேல் வர மாட்டேன் என்கிறாள்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். வெப்கேமைப் போட்டு, கையைத் தூக்கி நாலு தடவை வேகமாக ஆட்டினேன். திரையில் விரல்கள் இல்லை. ஐந்தும் ஒட்டிப்போய் ஒரு பழுப்புத் துடைப்பம் இங்கிருந்து அங்கே இழுபட்டது. முகத்தைப் பார்த்தால் அதற்கு மேல். எனக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலில் வெயில், நடுவில் என் முகம் ஒரு கறுப்பு வட்டம். செல்வியும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் நன்றாக வரட்டும் என்று ஜன்னலை விரியத் திறந்து வைத்ததே நான்தான்.

ஒளியியல் பாடம் நடத்துகிறவள். பின்னால் வெளிச்சம் இருந்தால் முன்னால் இருப்பது இருட்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அழகான சாமான் கையில் வந்ததும் படித்ததெல்லாம் மறந்துவிட்டது.

ரமேஷ் வந்து பின்னால் நின்றார். கேலி செய்வார் என்று நினைத்தேன். "அந்தப் பொண்ணு உன்ன நம்பித்தான வந்துது" என்றார். கேலியே பரவாயில்லை.

செல்விக்கு எழுதினேன். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை. மாமாவிடம் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கொடுக்கச் சொல், அதற்குள் நான் சரி செய்துவிடுகிறேன்.

உடனே பதில் வந்தது. "நாம் சரி செய்யலாம்" என்று இருந்தது.

மணி கடையில் ஒரு கூட்டம்

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் சண்முகம் சாலைக்குப் போனோம். என்னைக் கண்டதும் மணி, "இன்னா மேடம், போன மாசம் வாங்கினு போன கேமரா அதுக்குள்ள பேஜார் பண்ணுதா?" என்றார்.

கடையில் இருக்கும் எல்லா வெப்கேமையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் செருகிக் காட்டச் சொன்னேன். மணி முகம் சுருங்கியது. ஆனாலும் செருகினார். செல்வி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கையால் பேசினாள். ஒரே வாக்கியத்தைத்தான் எல்லாவற்றிடமும் சொல்கிறாள் என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது. சொல்லிவிட்டுத் திரையைப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள். அடுத்தது.

காய்கறிப் பையோடு போனவர்கள் நின்றார்கள். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் கிளாஸோடு வந்து பார்த்தார்கள். செல்விக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கடைசியில், மேல் தட்டில் தூசியோடு கிடந்த ஒரு பழைய மாடலைக் கைகாட்டினாள். எனக்கு அது தெரிந்த முகம். அதற்கு நான் இரண்டு பொத்தான்தான் கொடுத்திருந்தேன். படம் மங்கல், பார்க்க சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தேன். மணி துடைத்துச் செருகினார். படம் மங்கல்தான். ஆனால் செல்வி கையை ஆட்டியபோது விரல் ஐந்தும் தனித்தனியாக நின்றன.

அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், என் பதிவை அவள் படித்திருக்கிறாள் என்பது தெரிந்தது.

மணி தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். "டப்பா மேல இன்னா வேணா போட்டு அனுப்புறான் மேடம். இந்த அக்கா கைல காட்டுச்சு பாரு, அதான் டெஸ்ட்டு."

பிறகு எங்கள் வீட்டுக் கூடம். கம்ப்யூட்டர் மேஜையை ஜன்னலைப் பார்த்துத் திருப்பினோம், வெளிச்சம் முகத்தில் விழ. போதாததற்கு ரமேஷ் சமையலறை டியூப்லைட்டைக் கழற்றி, துணி காயப்போடும் ஸ்டாண்டில் கட்டி முன்னால் நிறுத்தினார். அன்று ராத்திரி சமையல் மெழுகுவர்த்தியில். பின்னால் செல்வி தன் கருநீலப் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள். கோடு போட்ட சுடிதார் போட்டுக்கொண்டு வரக் கூடாது, கை தெரியாது என்று அவளே எழுதிக் காட்டினாள். படத்தின் அளவைச் சுருக்கச் சுருக்க அசைவு சீராக வந்தது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

இருந்தும் மறுநாள் காலை தேவராஜ் மாமாவோடு சோதித்துப் பார்த்தபோது படம் விட்டு விட்டுத்தான் போனது. எங்கள் வீட்டு இணைப்புக்கு அகலக்கற்றை என்று பெயர். அகலம் பெயரில் மட்டும்தான். நான் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி என் தோளைத் தட்டினாள். திரையின் ஓரத்தில் பச்சையாக எரிந்துகொண்டிருந்த மைக் படத்தில் விரலை வைத்தாள். நோட்டில் எழுதினாள்.

"சத்தம் எதுக்கு?"

நான் அவளையே பார்த்தேன். எங்கள் வீட்டு மின்விசிறி ஓடுவதையும் தெருவில் கீரைக்காரர் கூவுவதையும் அந்த ஒல்லி இணைப்பு கடல் தாண்டிச் சுமந்துகொண்டிருந்தது. கேட்க அங்கேயும் யாரும் இல்லை, இங்கேயும் யாரும் இல்லை. மைக்கை அணைத்தேன். படம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மடக்கிய கைகள்

மாமா மூன்று வாரம் கெஞ்ச வேண்டியிருந்ததாம். நாலாவது ஞாயிற்றுக்கிழமை கல்யாணி அக்கா வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே மடக்கிக் கட்டிக்கொண்டார். காது கேட்பவர்கள் அப்படி உட்கார்ந்தால் அது ஒரு தோரணை. அவர் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அக்கா தன் முகத்தைப் பார்க்கட்டும் என்று காத்திருந்தாள். அந்த டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் நெற்றியின் வியர்வைகூடத் தெரிந்தது. அக்காவின் கண் சுருங்கவில்லை. தெரிகிறது என்று புரிந்துகொண்டேன்.

செல்வி ஆட்காட்டி விரலால் மூக்குத்தி இடத்தைத் தொட்டாள். அது அம்மா. அந்த ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தாள். கண் மூடி இருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அவ்வளவு அமைதியான ஒரு முகத்தை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் முகம் அது. அதை அப்படியே கொண்டுவந்து அக்காவிடம் காட்டினாள்.

பிறகு அவள் கைகள் போன வேகத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரையைச் சுட்டியது, தன் நெஞ்சைத் தொட்டது, தலையை மறுத்து ஆட்டியது மட்டும் தெரிந்தது.

கல்யாணி அக்காவின் கட்டிய கைகள் இறுக்கம் தளர்ந்தன. வலது கை மட்டும் வெளியே வந்தது. சின்னதாக, இடுப்பு உயரத்திலேயே, எதையோ கேட்டது.

செல்வியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு குரல். அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மைக் அணைந்திருந்தது. அக்காவுக்கும் அது தேவைப்படவில்லை. அவரும் அங்கே முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

மௌஸை விட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். ரமேஷ் காபி போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆச்சா?" என்றார். ஆச்சு என்றேன்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். நடுவில் ஒரு தடவை இணைப்பு அறுந்தது. மறுபடி வந்தபோது, விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். காபி ஆறிப்போனது. மூன்று வருடம் பேசாத அந்தக் கைகள் எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போகும்போது, அக்கா முதலில் என்ன கேட்டார் என்று செல்வியிடம் கேட்டேன். நோட்டில் எழுதினாள்.

"அம்மாவுக்குக் கடைசியில் என்ன புடவை கட்டினாய் என்று கேட்டாள். அரக்குக் கலர் என்றேன். அது அக்கா வாங்கி அனுப்பியது."

திருத்தம்

அந்த வாரம் ஒரு பதிவு எழுதினேன். தலைப்பு 'திருத்தம்'. வெள்ளி வெப்கேமுக்குக் கொடுத்த ஐந்து பொத்தானில் மூன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், சோப்பு டப்பாவுக்கு அந்த மூன்றையும் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தேன். ஜன்னலை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும், படத்தை எவ்வளவு சுருக்கலாம், மைக்கை ஏன் அணைக்க வேண்டும் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். கண்டுபிடித்தது செல்வி என்று அவள் அனுமதியோடு பெயரைப் போட்டேன். அப்படியே என் பெயரையும் போட்டுவிட்டேன்.

மச்சான் என்று கூப்பிடுபவர் இரண்டு நாள் ஆளையே காணோம். மூன்றாவது நாள், "அக்கா, மன்னிச்சிடுங்க. பதிவு சூப்பர்" என்று பின்னூட்டம் போட்டார்.

ஆனால் எனக்குப் பெருமை அதில் இல்லை. அந்தப் பதிவுக்குப் பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். ஈரோட்டிலிருந்து, நாகர்கோவிலிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து. எந்தக் கேமரா, என்ன வேகம், இரவில் எப்படி வெளிச்சம் வைப்பது. எல்லாவற்றுக்கும் செல்விதான் பதில் எழுதினாள். எந்தக் கேமரா வந்தாலும் அவள் அதன் முன்னால் நின்று பேசிப் பார்க்காமல் நான் பொத்தான் கொடுப்பதில்லை என்று ஆயிற்று. வேறெந்தப் பத்திரிகையிலும் எந்தப் பெரிய விமர்சகரும் அந்தச் சோதனையைச் செய்து நான் அப்போது பார்த்ததில்லை. செம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக் கூடத்தில் செய்தோம்.

மணி, வெப்கேம் வாங்க வருபவர்களிடம், "கைய ஆட்டிப் பாத்து வாங்கினு போ சார்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

திரிசூலம்

அடுத்த வருடம் பள்ளி விடுமுறையின்போது கல்யாணி அக்கா வந்தார். தனியாகத்தான். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

செல்வியும் நானும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி திரிசூலத்தில் இறங்கி, ஜிஎஸ்டி சாலைக்கு அடியில் சுரங்கப்பாதையைக் கடந்து விமான நிலையத்துக்கு நடந்தோம். வழியெல்லாம் செல்வி என் கையைப் பிடித்திருந்தாள். அதனால் அவள் ஒன்றும் பேசவில்லை.

வெளியே தடுப்புக் கம்பியில் ஒரே கூட்டம். பூங்கொத்து, பெயர் எழுதிய அட்டை, குழந்தைகள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூரத்தில் பெட்டிகளுக்காகக் காத்து நிற்பவர்கள் தெரிந்தார்கள். இந்தப் பக்கம் இருந்தவர்கள் எட்டி எட்டி உறவுக்காரர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை. ஒருவர் ஃபோனில், "நான் உன்ன பாக்கறேன், நீ என்ன பாக்கறியா?" என்று திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார்.

செல்வி திடீரென்று என் கையை விட்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண் அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவரின் வண்டி அவர் குதிகாலில் இடித்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை. தள்ளுவண்டியை விட்டுவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினார்.

செல்வியும் உயர்த்தினாள்.

வெளியே வர இன்னும் எவ்வளவு நேரமோ. அவர்கள் காத்திருக்கவில்லை. நடுவில் கண்ணாடி, காவலர், கம்பி, இருநூறு தலை. அதெல்லாம் அவர்களுக்கு ஒரு தடையாகவே இல்லை. கூட்டத்துக்கு மேலே தூக்கிய கைகளால் பேச்சு போனது, வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு இவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஓட்டல் பெயர் எழுதிய அட்டையோடு நின்ற டிரைவர் என் பக்கம் சாய்ந்து, "இன்னா மேடம் பேசிக்கிறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த ஒரு வருடத்தில் நான் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தேன். கல்யாணி அக்காவின் கையை உற்றுப் பார்த்தேன். செல்வியின் கையைப் பார்த்தேன்.

"சாப்பிட்டியான்னு இவ கேக்கறா" என்றேன். "பிளேன்ல குடுத்தது வாய்ல வைக்க முடியலையாம். வீட்ல ரசம் இருக்கான்னு கேக்கறாங்க அக்கா."

டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா, "இருக்காமா?" என்றார்.

செல்வியின் பதிலைப் பார்த்துவிட்டு, "இருக்காம்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று.